கா.பா. என்றொரு பத்திரிகை

ஜூன் 6

அன்புள்ள வாலு,

இங்கே நானும் நலம், விடுதி மூட்டைப்பூச்சிகளும் நலம். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? ஆபரேஷன் அன்று வர முடியாமல் போனது இன்னும் உறுத்துகிறது. வெளிச்சம் கூசுகிறதா, சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுகிறாயா, இரண்டாவது கண்ணுக்கு எப்போது தேதி கொடுத்திருக்கிறார்கள்? எல்லாவற்றையும் எழுது.

இப்போது உனக்கு ஒரு வேலை. நூற்பாலைத் தூசி பற்றிய என் ஆய்வேட்டுக்காக இரண்டு வருடம் அம்மா வேலை பார்க்கும் நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேனே, அந்தக் குறிப்புத் துண்டுகள் எல்லாம் ஒரு செருப்புப் பெட்டியில் என்னோடு வந்திருக்கின்றன. ஆனால் எதிலும் பத்திரிகையின் முழுப்பெயர் இல்லை. பைண்டு செய்த தொகுதிகளின் முதுகில் அம்மா ஒட்டும் சீட்டு கட்டைவிரல் அகலம்தான். இடம் போதாது என்று எல்லாப் பெயரையும் இரண்டெழுத்தில் சுருக்கிவிடுவாள். நானும் சோம்பேறித்தனமாக முதுகைப் பார்த்து 'தொ.ந. 4, பக்கம் 61' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா எதிரே உட்கார்ந்திருந்தவரை எல்லாம் புரிந்தது. இங்கே கைடு கேட்கிறார், "தொ.ந.ன்னா என்னப்பா, தொந்தரவா?"

துணைநூல் பட்டியலில் முழுப்பெயர், வெளியிட்டவர், ஆண்டு எல்லாம் இருந்தாக வேண்டும். செப்டம்பர் 30 கடைசி நாள். அதற்குள் கொடுக்காவிட்டால் என் பதிவு காலாவதியாகிவிடும். ஐந்து வருட வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அம்மாவின் மேஜையில் நீல அட்டை போட்ட பதிவேடு ஒன்று உண்டு. எந்தச் சுருக்கம் எந்தப் பத்திரிகை என்று அதில் இருக்கும். பள்ளி விட்டதும் போய்ப் பார்த்து எழுதி அனுப்பு. முப்பத்தொரு சுருக்கங்கள் இத்துடன் இருக்கின்றன. அம்மா இப்போது எதையும் படிக்கக் கூடாது, அதனால் அவளைக் கேட்காதே. ஒவ்வொரு வரிக்கும் நல்ல இடைவெளி விட்டு எழுது.

உன் சேட்டைகளை வேறெங்காவது வைத்துக்கொள்.

உன் நல்லறிவு தழைக்க வேண்டும் என்று நம்பும்,
அண்ணன்


ஜூன் 17

பேரன்புக்குரிய முனைவர் (ஆகப்போகிற) அண்ணா,

உன் மூட்டைப்பூச்சிகளை விசாரித்ததாகச் சொல். அம்மாவுக்குக் கண் தேவலை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் துப்பறிகிறாள். பிஸ்கட் டப்பாவை நான் திறந்த சத்தம் கொல்லைப்புறத்திலிருந்தே அவளுக்குக் கேட்கிறது. கண் ஓய்வெடுத்தால் காது ஓவர்டைம் பார்க்குமாம். சொட்டு மருந்து மூன்று வேளையும் போடுகிறேன். இரண்டாவது கண் ஆகஸ்டில். உன் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன், பட்டியல் விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டு.

நூலகத்துக்கு நான்கு நாள் போனேன். அட்டெண்டரை அங்கே எல்லோரும் 'சாவிக்கொத்து' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் நடந்து வந்தால் மாட்டுவண்டி வருகிற மாதிரி சத்தம். என்னைப் பார்த்ததும், "அம்மா இல்லாத நேரத்துல நீ எதுக்கும்மா? போன தடவை நீ வந்தப்பத்தான் ஆலோசனைப் பெட்டியில தவளை இருந்துச்சு" என்றார். அது தவளை இல்லை, தேரை என்று திருத்தினேன். அதற்கப்புறம் என்ன நினைத்தாரோ, மேஜையைத் திறந்துவிட்டார்.

பட்டியல் தனித்தாளில் இருக்கிறது. நீ கேட்டபடி இடைவெளி விட்டிருக்கிறேன். பட்டியலில் போட முடியாத என் ஆராய்ச்சி முடிவுகளை மட்டும் இங்கே தருகிறேன்.

தொ.ந. என்பது தொழிலக நலம். தொந்தி நலம் என்றுதான் நினைத்தேன், தலைமை நூலகர்தான் அதற்கு ஆசிரியர் என்றும்.

சு.சு. என்பது சுவாசச் சுடர். பன்னிரண்டே இதழ் வந்திருக்கிறது. அதற்குள் மூச்சு முட்டிவிட்டது போலும்.

கூ.கு. என்பது கூலியாள் குரல். புரட்டினேன். குரல் இல்லை, பூச்சிதான் இருந்தது.

மு.கு. என்பது முதலுதவிக் குறிப்பேடு. நான் உனக்கு வைத்திருக்கும் இன்னொரு விரிவை இங்கே எழுதினால் நீ இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவாய்.

பார்த்தாயா? விளையாட்டை எல்லாம் கடிதத்தில் வைத்துவிட்டு, பட்டியலில் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டிருக்கிறேன். முன்பக்கம் வரைக்குமாவது.

வணக்கத்துக்குரிய (இந்த ஒரு முறை மட்டும்),
வாலு

[பட்டியல் தாளின் பின்பக்கத்தில்]

அண்ணா, பின்னால் திருப்பிப் பார்க்கும் பழக்கம் உனக்கு உண்டு என்று நம்பி எழுதுகிறேன். முப்பது சுருக்கங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. கடைசியாக நீ எழுதியிருந்த 'கா.பா.' மட்டும் எங்கே தேடியும் இல்லை. பாவம், நீ ஏமாந்துபோகக் கூடாதே என்று உனக்காக நானே ஒரு பத்திரிகை தொடங்கிவிட்டேன்: 'காற்றுப் பாதுகாப்பு', காலாண்டிதழ், ஆலை நலச் சங்க வெளியீடு. ஆசிரியர், அச்சிடுபவர், ஒரே வாசகர், மூன்றும் நான்தான். சிரித்து முடித்ததும் அந்த வரியை அடித்துவிடு.


ஜூலை 1

அன்புள்ள வாலு,

நலம்தானே? இங்கே மழை, விடுதி மாடியில் மூன்று இடத்தில் வாளி வைத்திருக்கிறோம். அம்மா படிக்க ஆசைப்பட்டாலும் விடாதே.

நீ இவ்வளவு பொறுப்பாக ஒரு வேலை செய்வாய் என்று யாராவது சத்தியம் செய்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். இடைவெளி விட்டு நீ எழுதியது எவ்வளவு உதவியாக இருந்தது தெரியுமா? தாள் வந்த அன்றே கத்திரிக்கோலால் வரி வரியாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் ஒட்டி, அகர வரிசையில் அடுக்கிவிட்டேன். முப்பத்தொரு அட்டை. டைப்பிஸ்ட் அதைப் பார்த்தே அடித்துக் கொடுத்துவிட்டார். நானாக உட்கார்ந்து எழுதியிருந்தால் ஒரு வாரம் போயிருக்கும்.

முதல் வரைவு நேற்று ஆய்வுக் குழுவில் இருக்கும் மூன்று பேருக்கும் போயிற்று. உனக்கு என்ன வேண்டும், கேள்.

அன்புடன்,
நன்றிக்கடன்பட்ட அண்ணன்


ஜூலை 9

அன்புள்ள அண்ணா,

அம்மா நலம், நானும் நலம், பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் சரியில்லை. அதற்கு நான் காரணமில்லை.

நீ பலே ஆள். வெட்டினானாம், ஒட்டினானாம், அகர வரிசையில் அடுக்கினானாம். முகத்தில் ஒரு சுருக்கமும் காட்டாமல் என்னமாய் எழுதுகிறாய்! நீ இப்படியெல்லாம் என்னை மிரட்டிப் பார்த்தால் நான் பதறிப்போய் ஓடி வருவேன் என்று நினைப்பா? உன் தங்கை உனக்கு மேல். நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை, நீயாக எப்போது சிரிக்கிறாய் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒரு நல்ல பூதக்கண்ணாடி. எதற்கு என்று கேட்காதே.

அசைந்து கொடுக்காத,
வாலு


ஆகஸ்ட் 2

அன்புள்ள வாலு,

சுகம்தானே? தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் போன கடிதம் எனக்குப் புரியவில்லை. யார் யாரை மிரட்டுவது? பூனை விஷயமா? இருக்கட்டும், இது அவசரம்.

நேற்று கைடு கூப்பிட்டனுப்பினார். போனால் என் மூன்றாம் அத்தியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்த இடத்தில் உட்கார முடியாமல் இருக்கிறார். "இந்தக் 'காற்றுப் பாதுகாப்பு' பத்திரிகையை எங்கப்பா புடிச்சே? முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன், பேர் கூடக் கேள்விப்பட்டதில்லை. ஆலைக்குள்ள தூசியை அளந்து போட்ட அட்டவணை இதுக்கு முன்னால எங்கயும் இல்லையே!" என்றார். குழுவில் இன்னொருவரும் அதையே குறித்திருக்கிறாராம். அந்த அட்டவணையின் மேல்தான் என் மூன்றாம் அத்தியாயமே நிற்கிறது என்பது உனக்குத் தெரியாது.

அவர்களுக்கு அசல் பக்கத்தின் ஜெராக்ஸ் வேண்டுமாம், தலைப்புப் பக்கத்தோடு. 'கா.பா., பக்கம் 112' என்று என் துண்டில் இருக்கிறது. எடுத்து அனுப்பு. இந்த வாரத்துக்குள் முடியாது என்றால் சொல், தலைமை நூலகருக்கே துறையிலிருந்து முறைப்படி கடிதம் எழுதச் சொல்கிறேன்.

அம்மாவின் இரண்டாவது ஆபரேஷன் நல்லபடியாக நடக்கட்டும். அன்று நீ பக்கத்திலேயே இரு.

அன்புடன்,
அண்ணன்


ஆகஸ்ட் 7

அண்ணா,

அம்மாவுக்கு நேற்று ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாக இருக்கிறாள், தூங்குகிறாள். ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

காற்றுப் பாதுகாப்பு என்று ஒரு பத்திரிகை கிடையாது. நான் கட்டினது. பட்டியலின் பின்பக்கத்தில் அதை எழுதியிருந்தேன், அந்த வரியை அடித்துவிடச் சொல்லி. நீ வெட்டி ஒட்டினேன் என்று எழுதியபோது, பின்பக்கத்தைப் படித்துவிட்டு என்னைப் பதிலுக்குச் சீண்டுகிறாய் என்றுதான் நினைத்தேன். நான் எழுதியது முப்பத்தொரு துண்டாகி அட்டையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது என்று நேற்று வந்த உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது.

நீ ஒரு அட்டையை உரித்துப் பார். என் கையெழுத்து இருக்கும்.

பதிவேட்டில் கா.பா. இல்லை என்பது நிஜம். அது எந்தப் பத்திரிகை என்று நான் கண்டுபிடித்துத் தருகிறேன். கொஞ்சம் அவகாசம் கொடு. தலைமை நூலகருக்கு மட்டும் இப்போது எழுத வைக்காதே.

இந்தக் கடிதத்தில் நகைச்சுவை கிடையாது. தேடாதே.

வாலு


ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணா,

நீ நலமாக இருக்க வேண்டும். இருபத்துமூன்று நாளாகப் பதில் இல்லை. தபால்காரரை நான் பார்க்கிற பார்வையில் அவர் இப்போது எதிர்ப்புறமாக நடந்து போகிறார். திட்டியாவது எழுது. திட்டு வாங்காமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை, உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கா.பா. என்ன என்று தெரிந்துவிட்டது. அம்மாவைக் கேட்டேன். வேறு வழி இல்லை. என் கைவரிசையை மட்டும் சொல்லவில்லை, சுருக்கத்தை மட்டும் கேட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் சொட்டு மருந்து போட்டுக்கொண்டே, "ஏம்மா, உன் சீட்டுல கா.பா.ன்னா என்ன?" என்றேன்.

"அதை எங்கடி பாத்தே?"

"அண்ணன் குறிப்புல இருக்கு. பத்திரிகை பேரு தெரியணுமாம்."

மருந்து கன்னத்தில் வழிந்தது, அம்மா துடைக்கவில்லை.

"அது பத்திரிகை இல்லடி. கார்டு பாக்கி."

"அப்டின்னா?"

"தொகுதி பைண்டு ஆகி வந்தா கேட்லாக் கார்டு எழுதணும்ல? எழுதாததுக்கு அடையாளமா அப்படி ஒட்டி வெச்சேன். எழுதினப்புறம் சீட்டை மாத்திக்கலாம்னு. அதைப் போய் பேருன்னு எழுதிட்டு வந்திருக்கானா!"

"எத்தனை பாக்கி?"

"நாப்பத்தி மூணு."

"நாப்பத்தி மூணா! நீயா பாக்கி வெச்சே? பால் கணக்குல கூட நீ பாக்கி வெச்சதில்லையே."

அப்புறம்தான் சொன்னாள். தலைப்புப் பக்கத்தில் ஆண்டும் இதழ் எண்ணும் பொடி எழுத்தில் இருக்குமாம். இரண்டு வருடமாக அது அவளுக்கு எறும்பு ஊர்கிற மாதிரித்தான் தெரிந்திருக்கிறது. கண் தெரியவில்லை என்றால் வேலைக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. அப்பா போன பிறகு கிடைத்த வேலை, உன் படிப்பு முடிகிற வரைக்குமாவது ஓட்டிவிடலாம் என்று பார்த்தாளாம். எழுத முடியாத தொகுதிகளை எல்லாம் பழைய செய்தித்தாள் அலமாரிக்குப் பின்னால், கீழ்த்தட்டில் அடுக்கி வைத்திருக்கிறாள். பத்திரிகைகள் ஒன்றல்ல, பல. எல்லாவற்றின் முதுகிலும் ஒரே கா.பா.

தலைமை நூலகருக்குக் கடிதம் போக வேண்டாம் என்று நான் சொன்னபோது இது எனக்குத் தெரியாது. இப்போது சொல்வது தெரிந்து சொல்வது.

பக்கம் 112இல் என்ன இருந்தது என்று எழுது. நாற்பத்துமூன்றையும் நான் புரட்டுகிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
வாலு


செப்டம்பர் 8

அன்புள்ள வாலு,

நலம். இரண்டு கடிதங்களும் கிடைத்தன.

ஓர் அட்டையைத் தண்ணீரில் நனைத்து உரித்தேன். 'ஒரே வாசகர்' என்று இருந்தது.

அட்டவணை முழுப்பக்கம், குறுக்கு வாக்கில் அச்சடித்தது. ஏழு பத்திகள். முதல் பத்தியில் ஆலையின் பெயர் கிடையாது, எண்தான்: ஒன்று முதல் பதினாறு வரை. கடைசிப் பத்தியில் 'இருமல் உள்ளோர்'. கீழே வலது மூலையில் யாரோ பென்சிலால் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். தொகுதியின் அட்டை பச்சையா பழுப்பா என்று நினைவில்லை.

தலைமை நூலகருக்கு எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். 26ஆம் தேதிக்குள் கிடைத்தால் சேர்த்துக்கொள்கிறேன். கிடைக்காவிட்டால் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு மீதியைக் கொடுக்க வேண்டியதுதான். அதை ஏற்பார்களா என்று கைடுக்கே நிச்சயமில்லை.

அந்த இரண்டு வருடமும் நான் எதிர் நாற்காலியில்தான் இருந்தேன். "தலைப்பைச் சத்தமா படிடா, பேச்சுத்துணையா இருக்கும்" என்பாள். படிப்பேன். உடனே எழுதிக்கொள்வாள். நான் வராத நாட்களில் வந்த தொகுதிகள்தான் அந்த நாற்பத்துமூன்றும் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் இதைப் பற்றி நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம்.

அண்ணன்


செப்டம்பர் 21

அன்புள்ள அண்ணா,

கிடைத்துவிட்டது! முதலில் அதைப் படித்துவிட்டு மூச்சை விடு. அம்மா நலம், அடுத்த மாதம் கண்ணாடி. என் முதுகு மட்டும் நலமில்லை, குனிந்து குனிந்து அதற்கே பைண்டிங் தேவைப்படுகிறது.

கூடவே ஜெராக்ஸ் இருக்கிறது. பெயரை முழுசாக எழுதுகிறேன், ஒரு புள்ளி வைத்த சுருக்கமும் இல்லாமல்: 'பஞ்சாலை மருத்துவர் கழகத்தின் அரையாண்டு அறிக்கை', ஐந்தாம் தொகுதி, இரண்டாம் இதழ், பக்கம் 112. தலைப்புப் பக்கம், அட்டவணை, கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயர், மூன்றையும் எடுத்திருக்கிறேன். பின்பக்கங்கள் எல்லாம் வெறுமை. நீயே திருப்பிப் பார்த்துக்கொள்.

எப்படி நடந்தது என்றால், இரண்டு சனிக்கிழமை. தலைமை நூலகரிடம் பழைய விளம்பரங்கள் பற்றிப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள் என்றேன். "விளம்பரத்தைப் பத்தி நீ எழுதணுமா? நீயே ஒரு விளம்பரம்தானே" என்று சொல்லிவிட்டு உள்ளே விட்டார். சாவிக்கொத்துதான் அலமாரியை நகர்த்தினார். நாற்பத்துமூன்றையும் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்கம்மா இதைத் தொடாதேன்னு சொல்லியிருந்தாங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் ஒரு மேஜை விளக்கு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஒரு தொகுதியில் நாலைந்து வருட இதழ்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், வருடத்துக்கு வருடம் பக்க எண் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அதனால் ஒவ்வொன்றிலும் 112ஆம் பக்கம் நாலைந்து தடவை வந்தது. தையல் இயந்திர எண்ணெய் விளம்பரம், ஒரு மாநாட்டுக் குழுப் படம் (எல்லோருக்கும் ஒரே மீசை), கொசு ஒழிப்பு, மறுபடி எண்ணெய். முப்பத்தெட்டாவது தொகுதியில் புத்தகத்தைக் குறுக்கே திருப்ப வேண்டியிருந்தது. ஏழு பத்தி. பதினாறு ஆலை. மூலையில் பென்சில். எழுந்து நின்று கத்தப் பார்த்தேன், வாயை நானே பொத்திக்கொண்டேன். அட்டை நீலம் அண்ணா. பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை.

பதிவுத் தபாலில் போகிறது. கிடைத்ததும் ஒரு வரி.

நீ எதுவும் எடுக்காமல் முழுசாகக் கொடுக்க வேண்டும் என்று வேண்டும்,
வாலு


நவம்பர் 3

அன்புள்ள வாலு,

நலமா? அம்மா வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்று நினைக்கிறேன். புதுக் கண்ணாடி மூக்கில் நிற்கிறதா?

உன் தபால் 25ஆம் தேதியே வந்துவிட்டது. 30 மத்தியானம் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன், மூன்றாம் அத்தியாயத்தோடு. போன வாரம் குழு ஏற்றுக்கொண்டது. முதல் வரைவில் இருந்த பத்திரிகையின் தலைப்பு ஏன் மாறியது என்று ஒருவர் கேட்டார். பதில் சொன்னேன். ஆய்வேட்டிலேயே ஓர் அடிக்குறிப்பாக அதை எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன். பெரிய விஷயமில்லை.

துறையில் ஒரு தற்காலிக ஆசிரியர் இடம் இருந்தது, கைடு எனக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது வேறொருவரை எடுத்திருக்கிறார்கள். அதனால் ஜனவரியில் வீட்டுக்கு வந்துவிடுவேன், அங்கிருந்தே வேலை தேடலாம்.

பைண்டு செய்த பிரதி ஒன்று அம்மாவுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அலமாரியில் வைத்தால் போதும்.

அன்புடன்,
அண்ணன்


நவம்பர் 19

அன்புள்ள முனைவர் அண்ணா,

நாங்கள் இருவரும் நலம் என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. நலம்தான். ஆனால் வீட்டில் நிறைய நடந்துவிட்டது.

கண்ணாடி மூக்கில் நிற்கிறது. அதுதான் பிரச்சினை. அலமாரியில் வைத்தால் போதும் என்று நீ சொன்ன புத்தகத்தை அம்மா முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ஒரு வரி விடவில்லை. உன் கைடுக்கு நீ சொன்ன நன்றியைக் கூட இரண்டு தடவை படித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை 87ஆம் பக்கத்துக்கு வந்தாள். அங்கே அடிக்குறிப்பு. நான் அதுவரைக்கும் பார்க்கவில்லை. அம்மா சத்தமாகப் படித்தாள்: "முந்தைய வரைவில் இவ்விதழுக்குக் 'காற்றுப் பாதுகாப்பு' என்ற இல்லாத தலைப்பு தரப்பட்டது ஆய்வாளர் குறிப்பெடுத்ததில் நேர்ந்த கவனக்குறைவு. இதற்கு ஆய்வாளர் ஒருவரே பொறுப்பு."

"ஒருத்தரே பொறுப்பாம்" என்றாள் அம்மா. "கா.பா.வைப் பேருன்னு நெனச்சான், சரி. இந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சு?"

நான் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன்.

"வாலு."

"ம்."

"இங்க பாருடி."

சொல்லிவிட்டேன். பின்பக்கம், கத்திரிக்கோல், உன் கைடு இருந்த இடத்தில் உட்கார முடியாமல் இருந்தது, எல்லாவற்றையும். உனக்குக் கிடைக்காமல் போன ஆசிரியர் வேலையையும் சொன்னேன். நீ இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதியிருந்தாய். எனக்குச் சேர்த்துப் படிக்கத் தெரியும்.

அடி விழும் என்று நின்றேன். அம்மா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"காற்றுப் பாதுகாப்பு. நீயா யோசிச்சே?"

"ஆமா."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். கொஞ்சம் விட்டு, "அதான் கஷ்டம்" என்றாள்.

பிறகு, "உனக்காகவும் எழுதியிருக்கான், எனக்காகவும் எழுதியிருக்கான். நாம ரெண்டு பேரும் நல்லா வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றாள்.

திங்கட்கிழமை காலை நாற்பத்துமூன்று தொகுதிகளின் பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு தலைமை நூலகர் அறைக்குப் போனாள். நானும் பள்ளிக்குப் போகாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தாலும் அவர் குரல் கேட்டது. "ரெண்டு வருஷமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீங்க?" அம்மா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. மெமோ கொடுத்திருக்கிறார். பருவ இதழ்ப் பகுதியிலிருந்து மாற்றவில்லை. பிப்ரவரி முடிவதற்குள் எல்லாக் கார்டும் எழுதியாக வேண்டும், சம்பள உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போகும். வெளியே வந்த அம்மா, "வீட்டுக்கு அனுப்பலடி" என்றாள். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் ஆறு கார்டு எழுதிவிட்டாள்.

இனி உன் விஷயம். அம்மா உன் கைடுக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஒன்றரைப் பக்கம், அவளே, தன் கையால். கா.பா. என்பது தான் ஒட்டிய அடையாளம் என்றும், அதைப் பதிவேட்டில் விளக்காமல் விட்டது தன் தவறு என்றும், ஏன் விட்டாள் என்றும். எழுதி முடித்ததும் பேனாவை என் பக்கம் நீட்டினாள். "மீதியை நீ எழுது" என்றாள்.

எழுதினேன் அண்ணா. பதினொரு வரி. பட்டியலில் கடைசிப் பெயர் நான் கட்டினது என்றும், உன்னிடம் தெரிந்தே மறைக்கவில்லை, ஆனால் தெரிய வைக்கவும் முயற்சி செய்யவில்லை என்றும். நான் இதுவரை எழுதியதிலேயே சிரிப்பு வராத பதினொரு வரி அதுதான். அதனால் உனக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைக்காது என்றுதான் அம்மா நினைக்கிறாள். இருந்தாலும் அவர் உன்னைப் பற்றித் தெரிந்துகொண்டிருப்பது தப்பாக இருக்கக் கூடாதாம்.

உன்னைக் கேட்டால் வேண்டாம் என்பாய். அதனால் கேட்கவில்லை. இரண்டு தாளும் ஒரே உறையில், காலை பத்து மணிக்குத் தபால் பெட்டிக்குள் போய்விட்டன. அதற்கப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஜனவரியில் வா.

உன் தங்கை